தூணைப் பங்கு போடலாம், கூரையை?

வாங்க தம்பி, வாங்க. இப்படி இந்தக் கல்லு மேல உக்காருங்க. பேண்ட்டு அழுக்காயிரும்னு யோசிக்காதீக. இது உங்க பாட்டையா வீட்டுத் திண்ணையிலேருந்து பேந்து விழுந்த கல்லுதான். அழுக்கும் உங்க பரம்பரைச் சொத்துதான்.

காலையில வானத்துல ஒரு எந்திரத்தப் பறக்க விட்டீகளே, எங்க வீட்டுக் கோழிக அம்புட்டும் பருந்துன்னு பயந்து வைக்கோப் படப்புக்குள்ள பூந்துக்கிட்டு இன்னும் வெளிய வரல. போகட்டும். கையில தடியா ஒரு புஸ்தகம் வச்சிருக்கீக. வீட்ட மீக்கப் போற திட்டமாம்ல? நல்ல காரியம். நம்ம ஊருக்கு வீடு மீக்க வந்தவுக இதுக்கு முன்னயும் உண்டு. மொதல்ல ஒருத்தரு வந்து போட்டோ புடிச்சாரு. அடுத்து ஒருத்தரு வந்து காயிதத்துல வரஞ்சாரு. மூணாவதா ஒருத்தரு லாரியோட வந்தாரு. வந்த வேலைய முழுசா முடிச்சுட்டுப் போனவரு அந்த மூணாவது ஆளுதான்.

நான் யாருன்னு கேக்குறீகளா? கொத்தன். எங்க அப்பாவும் கொத்தன். உங்க வளவுச் செவத்துல சாந்து தேச்சது எங்க தாத்தா கை. உங்களுக்குச் சொத்துல பங்கு, எனக்குப் பேச்சுல பங்கு. அதனால நான் கொஞ்சம் கூடுதலாப் பேசுனா கோவிச்சுக்காதீக.

புஸ்தகத்தக் குடுங்க பாப்போம். எழுத்துப் பொடிசா இருக்கு, படம் நல்லாத் தெரியுது. மொதப் பக்கத்துல நடு முத்தத்து வளவு. வளவுக்கு நடுவுல நீச்சல் கொளம்! ரெண்டாங்கட்டுல சாப்பாட்டுக் கூடம். மூணாங்கட்டுல எண்ணெ தேச்சு விடுற எடம். மொட்டை மாடியில நிலாப் பாக்குற எடம். எல்லாம் அம்சமா இருக்கு. கூரை எங்க தம்பி? கடேசிப் பக்கத்துலயா? 'இதர செலவுகள்'லயா? ரொம்பச் சரி. கூரைய இதரத்துல வச்சவுக வீடெல்லாம் இந்தத் தெருவுல எங்க இருக்குன்னு தெரியணும்னா, சீமைக்கருவ மொளச்சிருக்குற எடமா எண்ணிக்கிட்டே நடந்து போங்க.

ஒரு வீடு எப்படிச் சாகும்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா? இடி விழுந்து சாகாது. அம்புட்டுக் கொடுப்பின இதுகளுக்கு இல்ல. ஒரு கொரங்கு தாவும்போது ஒரே ஒரு நாட்டு ஓடு நகரும். அவ்வளவுதான் வெசயம். ஐப்பசியில அந்தச் சந்து வழியா எறங்குற தண்ணி நேரா மரச்சட்டத்துல போயி உக்காரும். சட்டம் பர்மாத் தேக்கு, லேசுல மக்காது. ஆனா அது மேல ஓடு தாங்குற ரீப்பரு எல்லாமே தேக்கா? அது மக்கும், பத்து ஓடு சரியும். ஓடு சரிஞ்ச எடத்துல செவத்தோட தலை நனையும். சுண்ணாம்புக் கட்டடம் தலை நனஞ்சா ஈரம் உள்ளுக்குள்ளயே ஊறி எறங்கும். காக்கா போட்டுட்டுப் போன அரசம்பழ வெத அந்த ஈரத்துல மொளைக்கும். அரசங்கன்னு வேரு விட்டுச்சுன்னா செவத்த ரெண்டாப் பொளந்துரும்.

மொத நாள்ல அந்த ஒத்த ஓட்ட நகத்தி வைக்க என்ன வேணும்? ஒரு ஏணி, ஒரு ஆளு, அரைநாள் கூலி. அந்த அரைநாள் கூலிய எந்தப் பங்காளி குடுக்கறதுன்னு தீர்மானம் ஆகறதுக்குள்ள, வளந்து நிக்கிற அரசமரத்துக்கு ஊருச் சனம் மஞ்சத் துணி சுத்தி, அடியில ஒரு புள்ளையாரையும் வச்சிருக்கும். அப்புறம் வெட்டவும் முடியாது, சாமி குத்தம்.

எத்தன பங்குன்னு சொன்னீக? 43-ஆ? பரவாயில்லையே, கம்மிதான். உங்க பாட்டையா கணக்குத் தெரிஞ்ச மனுசன். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு அறை, அவனவன் சாமான அவனவன் பூட்டி வச்சுக்கலாம். சமைக்கறது தனித்தனி, வளவு பொது, முகப்பு பொது, கல்யாணம் காச்சி பொது. அம்புட்டு யோசிச்ச மனுசன் ஒண்ண மட்டும் எழுதி வைக்காமப் போயிட்டாரு: ஏணி யாரோடதுன்னு. இப்ப 43 பேருக்கும் வீட்டுல உரிமை இருக்கு. ஒருத்தர்கிட்டயும் ஏணி இல்ல.

அப்படியா, வீட்ட வித்துப் பணமாக்கிப் பிரிச்சுக்கலாம்னு ஒருத்தரு சொன்னாரா? வெவரமானவருதான். ஆனா கேளுங்க. வீட்டப் பங்கு போட முடியாது தம்பி. 43-ல ஒரு பங்கு கூரைய யாரு தூக்கிட்டுப் போறது? தூணப் பங்கு போடலாம். நெலைய, கதவ, பெல்ஜியம் கண்ணாடிய, ரவிவர்மா படத்தப் பங்கு போடலாம். அதனாலதான் இந்தப் பக்கம் வீடுக முழுசா வெல போகறத விட, பிரிச்சுப் போட்டு வெல போகறது சுளுவா நடக்குது. பங்காளிக ஒத்துமையா ஒரு தாளுல கையெழுத்துப் போட்ட காரியம் இந்தத் தெருவுல அது ஒண்ணுதான்னா பாத்துக்கங்களேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிப் பாருங்க. ஆளு ஒசரத் தூணுக வரிசையாச் சாத்தி வச்சிருக்கும். பக்கத்துல எனாமல் தூக்குவாளி, பீங்கான் சாடி, கல்யாணத்துக்கு வாங்குன பித்தளை அண்டா. அங்க போறப்ப மட்டும் சத்தமாப் பேசாதீக. உங்க பெரியப்பா வீட்டு நெலைக்கு உங்க கொரல் அடையாளம் தெரிஞ்சிறப் போகுது.

வாங்குறவுக யாருன்னு நெனைக்கிறீக? பட்டணத்துல புதுசா வீடு கட்டுறவுக. வாசல்ல ரெண்டு செட்டிநாட்டுத் தூண நிறுத்தி, 'எங்க வீடு பாரம்பரிய வீடு'ன்னு பெருமையா விருந்து வைக்கிறாக. அதே நேரம் இங்க தூண வித்த மவராசன், அந்தக் காசுல காங்கிரீட்டுத் தளம் ஊத்தி, அலுமினியச் சன்னல் வச்சு, 'எங்களுது மாடர்ன் வீடு'ங்கறாரு. ரெண்டு பேருக்கும் சந்தோசம். நடுவுல கமிசன் வாங்குனவருக்கு அதைவிடச் சந்தோசம்.

சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல தட்சிண சித்ரான்னு 1996-ல ஒரு மியூசியம் தெறந்தாகல்ல, அங்க ஒரு செட்டிநாட்டு வீடு இருக்கு. டிக்கெட் எடுத்துட்டுப் போயிப் பாக்கலாம். நல்லா வச்சிருக்காக, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அங்க வீடு இருக்கு, எதிர்வீட்டு ஆச்சி இல்ல. திண்ணை இருக்கு, திண்ணையில உக்காந்து ஊரு வம்பு பேச ஆளு இல்ல. வம்பு இல்லாத திண்ணைக்கு எதுக்குத் தம்பி அம்புட்டு வழவழப்பு?

சரி, ஊரு ஏன் காலியாச்சுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கீகளே, 'காலத்தின் கோலம்'னு. காலத்து மேல பழி போடுறது வசதிதான். அது வக்கீல் வச்சு வாதாடவா போகுது? நான் சொல்றேன் கேளுங்க. இது வானம் பாத்த பூமி. இந்தச் செம்மண்ணுல வெளஞ்சத வித்து இந்த வீட்டோட ஒரு தூணக் கூட வாங்கியிருக்க முடியாது. வீடு நின்னது ரங்கூன் காசுல, கொழும்புக் காசுல, மலாயா, சைகோன் காசுல. ஆம்பளைக கடலுக்கு அங்கிட்டு சம்பாரிச்சாக, ஆச்சிமாரு இங்க குடும்பம் நடத்துனாக. தேக்கு பர்மாவுலேருந்து, பளிங்கு இத்தாலியிலேருந்து, கண்ணாடி பெல்ஜியத்துலேருந்து, இரும்புச் சாமான் இங்கிலாந்துலேருந்து. உள்ளூருச் சரக்குன்னா சுண்ணாம்பு, முட்டை, எங்க வேர்வை.

அங்க என்ன ஆச்சு? கீழ்ப் பர்மாவுல நெல்லு வெளையுற 13 ஜில்லாவுல 1930-ல உங்க நகரத்தார் செட்டியாருக கையில இருந்த நெலம் நூத்துக்கு 6. அப்புறம் உலகம் பூராவும் மந்தம், நெல்லு வெல விழுந்துச்சு, கடன் வாங்குன குடியானவனால நெலத்தத்தான் குடுக்க முடிஞ்சுச்சு. 1937-ல அது நூத்துக்கு 25. வட்டிக்குக் குடுக்கப் போன மனுசன் வயக்காட்டோட வந்து நின்னான். வயக்காட்டப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வர முடியுமா? 1942-ல ஜப்பான்காரன் வந்தான். கப்பல்ல வந்தவுகளும் உண்டு, காடு மலை நடந்து வந்தவுகளும் உண்டு. அதுக்கப்புறம் சுதந்தர பர்மா நெலத்த எடுத்துக்கிருச்சு. 1962-ல பட்டாளத்து ஆட்சி வந்து மிச்சம் மீதி கடைகண்ணியையும் எடுத்துக்கிருச்சு. அங்க வரவு நின்னுச்சு, இங்க ஐப்பசி மழை மட்டும் வருசம் தவறாம வந்துக்கிட்டே இருந்துச்சு.

இத எதுக்குச் சொல்றேன்? இந்த வீடு என்னைக்குமே தன் சொந்தக் கால்ல நின்னதில்ல தம்பி. வெளியிலேருந்து காசு வந்துச்சு, நின்னுச்சு. அதனால நீங்க கட்டிடக் கலைஞர்கிட்டக் கேக்க வேண்டிய மொதக் கேள்வி 'எம்புட்டு அழகா மீக்கலாம்'ங்கறதில்ல. 'மீட்டதுக்கு அப்புறம் வருசா வருசம் ஓடு மாத்த எவன் காசு குடுப்பான்'ங்கறது. அதுக்குப் பதில் இல்லாம நீங்க எத்தன கோடி போட்டாலும், அடுத்து வர்ற லாரிக்காரருக்குச் சாமானத் தொடச்சு மினுக்கி வச்ச புண்ணியந்தான் உங்களுக்கு.

இப்பச் செவத்துக்கு வருவோம். 'உயர்தர வெள்ளை எமல்ஷன்'னு போட்டிருக்கு. அதுக்கு அடியில 'சிமெண்ட் பூச்சு'. அடடா! உங்க செவரு செங்கலும் சுண்ணாம்பும். மழைக்குக் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலுக்குத் திருப்பி விட்டுரும். அது மேல சிமெண்டப் பூசி, பெயிண்டால மூக்க அடச்சுட்டா, உள்ள போன ஈரம் எந்த வழியா வெளிய வரும்? உப்பாப் பூக்கும், பொரிஞ்சு கொட்டும். ரெண்டு மழை கழிச்சு உங்க இஞ்சினியர் வந்து பாத்துட்டு, 'பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்'னு உங்க பாட்டையா மேல பழி போட்டுட்டு, பில்ல நீட்டுவாரு.

எங்க தாத்தா செஞ்ச வேல வேற. சுண்ணாம்ப ஊறப் போட்டு, மணலோட சேத்துச் செக்குல ஆட்டி, கடுக்கா ஊறுன தண்ணியும் கருப்பட்டியும் விட்டு, ஒண்ணு காய ஒண்ணாப் பல பூச்சுப் பூசி, மேல்பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளக்கருவும் கொழச்சு, வழவழன்னு இருக்குற கூழாங்கல்லால தேச்சுத் தேச்சு எடுத்த பளபளப்பு அது. பெயிண்டு வேண்டாம், வருசா வருசம் வெள்ளை அடிக்க வேண்டாம். உலகம் பூரா செட்டிநாடுன்னா கோழிக் கொழம்புன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கு. கோழிய விட இந்த ஊருக்கு ரொம்ப ஒழச்சது அதோட முட்டைதான். மஞ்சக்கரு என்னாச்சுன்னு கேக்காதீக. கொத்தன் ஒடம்பு எப்படித் தேறுச்சுன்னு யாரும் அப்பக் கேட்டதில்ல, நீங்க மட்டும் இப்ப எதுக்குக் கேட்டுக்கிட்டு?

தரைக்கு என்ன போட்டிருக்கீக? 'ஆத்தங்குடி டிசைன் டைல்ஸ்', குஜராத்துலேருந்து லாரியில வருதாக்கும்! தம்பி, ஆத்தங்குடி இங்கிட்டு இருக்கு, பஸ்ஸுக்கு நின்னா டீ ஆறறதுக்குள்ள போயிரலாம். கண்ணாடி மேல அச்சுச் சட்டத்த வச்சு, கலர்க் கலர்ச் சிமெண்டுக் கொழம்ப ஊத்தி, சட்டத்த எடுத்துட்டு, மணலும் சிமெண்டும் மேல போட்டு அமுக்கி, தண்ணியில கெடத்தி, வெயில்ல காய வைக்கிறாக. சூளை கெடையாது, நெருப்புக் கெடையாது. கையால செய்யுறது. அதனால ஒரு கல்லுல இருக்குற பூவு அடுத்த கல்லுல ஒரு நூல் தள்ளித்தான் இருக்கும். நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும். ஆளு நடக்காத வீட்டுல மங்கிப் போகும். அந்தத் தரைக்கு வேண்டிய மெருகு ஆளு காலுதான்.

ஆளுக்கு வழி சொல்லுன்னு கேக்குறீக. ஓட்டல் வச்சா வருவாகளா? வருவாக. பொய் சொல்ல மாட்டேன். காரைக்குடியில மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி 1999-ல 'பங்களா'வ ஆரம்பிச்சப்ப, இந்த வெயில்ல எவன் காசு குடுத்துத் தங்குவான்னு சிரிச்சவுக உண்டு. சிரிச்சவுகளே இப்பச் சொந்தக்காரவுகள அங்க சாப்பிடக் கூட்டிட்டுப் போறாக. கானாடுகாத்தான்ல விசாலம், ஒரு அப்பச்சி மகளுக்காகக் கட்டுன வீடு, இப்ப ஓட்டல். கடியாபட்டியில சிதம்பர விலாஸ் அப்படித்தான். கொத்தமங்கலத்துல சாரதா விலாஸ பிரான்சுலேருந்து வந்த ரெண்டு கட்டிடக் கலைஞருக பழுது பாத்து, விருந்தாளி தங்குற வீடா ஆக்கியிருக்காக. சுண்ணாம்பச் சுண்ணாம்பாவே வச்சு வேல பாக்கலாம்னு வெள்ளைக்காரரு வந்து சொன்னா நமக்கு நம்பிக்கை வருது. நான் சொன்னா 'பெருசுக்குப் பொழுது போகல'ங்கறீக.

ஆனா ஒண்ணு. தெருவுக்குத் தெரு ஓட்டல் வச்சா, ஓட்டல்காரரு போயி அடுத்த ஓட்டல்லதான் தங்கணும். வீடு எத்தன, வர்ற ஆளு எத்தன? சித்திரை வெயில்ல எவன் வருவான்? சினிமாக்காரவுகளுக்கு விடலாங்கறீக. விடலாம். ஒரு படத்துல ஜமீன் வீடு, அடுத்த படத்துல பேய் வீடு, வாடகை ரெண்டுக்கும் ஒண்ணுதான். அவுக போன பொறகு தூண்ல எத்தன ஆணின்னு எண்ணிப் பாத்துக்கணும், அவ்வளவுதான்.

இத்தாலியில ஒரு யூரோவுக்கு வீடு விக்கறாகன்னு படம் ஒட்டியிருக்கீகளே, அத என் பேரன் போன்ல படிச்சுச் சொன்னான். சிசிலித் தீவுல சம்புகான்னு ஊரு, 2019-ல ஏலம் விட்டாகளாம். ஆரம்ப வெல ஒரு யூரோ. ஆனா 5,000 யூரோ டெபாசிட்டுக் கட்டணும். மூணு வருசத்துக்குள்ள வீட்டப் பழுது பாக்கணும், இல்லாட்டி டெபாசிட்டு கோவிந்தா. அந்த ஊரு மேயரு மட்டும் இங்க பொறந்திருந்தா அவருக்கு ரங்கூன்ல தனியாக் கடையே வச்சுக் குடுத்திருப்பாக. ஆனா அங்க வீடுக ஊராட்சி கையில இருந்துச்சு, ஒரு கையெழுத்துல காரியம் முடிஞ்சுச்சு. உங்களுக்கு 43 கையெழுத்து. வீட்ட ஒரு ரூவாய்க்குக் குடுத்தாக் கூட ஆளுக்கு ரெண்டரைக் காசுக்குக் கீழதான் வரும். அதுக்கும் ஒரு வழக்குப் போடுவாக.

அதே இத்தாலியில இன்னொரு யோசனை இருக்காமே. 1976-ல வடக்க ஃப்ரியூலிப் பக்கம் நெலநடுக்கம் வந்து ஊருக இடிஞ்சு போனப்ப பொறந்ததாம். ஒரே கட்டிடத்த ஓட்டலாக்காம, ஊருக்குள்ள அங்கங்க இருக்குற காலி வீடுகளப் பழுது பாத்து, ஒரு வீட்டுல சாவி வாங்கி, ஒரு வீட்டுல படுத்து, ஒரு வீட்டுல சாப்பிடறது. ஊரே ஓட்டல். நல்ல யோசனை தம்பி. இதக் கண்டுபுடிக்க அவுகளுக்கு நெலநடுக்கம் வேண்டியிருந்துச்சு. நமக்கு ஒரு கல்யாணம் போதும். மாப்பிள்ளை வீட்டுச் சனம் ஒரு வீட்டுல, தாய்மாமன் சனம் ஒரு வீட்டுல, பந்தி ஒரு வீட்டுல, மேளக்காரவுக ஒரு திண்ணையில. தெருவே சத்திரமா இருந்த ஊரு இது. அத ஒங்க புஸ்தகத்துல நீங்க ஒரு புதுத் திட்டம்னு போட்டிருக்கறதப் பாத்தா எங்க ஆத்தா சிரிச்சிருக்கும்.

அதனால ஒத்த வீட்ட மட்டும் பாக்காதீக, தெருவப் பாருங்க. தண்ணியப் பாருங்க. காவிரிப்பூம்பட்டினத்தக் கடல் கொண்ட பயத்துலதான் முன்னோரு வீட்ட மேடையில கட்டுனாகன்னு உங்க வீட்டுப் பெரியவுக சொல்லுவாக. கதையோ நெசமோ, மேடு நெசம். வளவுல விழுற மழைய அண்டாவுல புடிச்சது போக, மிச்சம் வாய்க்கா வழியாத் தெருவுக்குப் போயி, தெருவுலேருந்து ஊரணிக்குப் போகும். இப்ப ஊரணிக்கு வரத்துக்கால அடச்சு ஒருத்தரு ப்ளாட்டுப் போட்டிருக்காரு. 'ஊரணி வியூ நகர்'னு போர்டு. ஊரணியில தண்ணி இல்ல, தெருவுல நிக்கிது. உங்க செவத்து அடிக்கட்டு ஈரத்துக்கு அதுதான் காரணம். நீங்க வீட்டுக்குள்ள நீச்சல் கொளம் வெட்டுறத விட்டுட்டு வெளிய அந்த வாய்க்கால வெட்டுங்க, செவருக தன்னால காயும்.

ஆளுகளையும் பாருங்க. அந்தக் காலத்துல செட்டியாருக கடல் தாண்டிப் போயி இங்க எங்களுக்கு வேல குடுத்தாக. இப்ப கொத்தன் மகன் கடல் தாண்டிப் போயி அங்க வேல பாக்குறான். என் மகன் துபாயில காங்கிரீட்டு ஊத்துறான். அவனுக்குச் சுண்ணாம்பு வேல தெரியும், சுண்ணாம்பு வேலைக்குச் சம்பளம் குடுக்க இங்க ஆளு இல்ல. உங்க மூணாங்கட்டுல நாலு பசங்களுக்குச் சாந்து வேல, மர வேல பழகிக் குடுங்க. ஒரு கட்டுல தறி போடுங்க. நம்ம கண்டாங்கிச் சேலைக்கு 2019-லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, நெய்ய எடந்தான் வேணும். மாடி அறையில மூட்டை கட்டிக் கெடக்குதே பழைய கணக்குப் பேரேடு, ரங்கூன், பினாங்குக் கணக்கெல்லாம், அத எடைக்குப் போடாம ஒரு அறையில அடுக்கி வச்சா, படிச்ச சனம் உலகத்துல எங்கிட்டிருந்தாலும் தேடி வரும். வாடகையும் குடுக்கும், ஆணியும் அடிக்காது.

அரசாங்கம் பாத்துக்கும்னு நம்பாதீக. மரபுக் கட்டிடத்துக்குன்னு 2012-லயே இங்க சட்டம் போட்டாச்சு. 2014-ல ஐ.நா.வோட உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியல்லயும் செட்டிநாட்டுப் பேரு ஏறியாச்சு. உத்தேசப் பட்டியல்னா என்ன? ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி. பேரு இருக்கும், சீட்டு இருக்காது. நீங்க உக்காரலாம்னு நெனைக்கிறதுக்குள்ள உங்க ஸ்டேசன் வந்துரும்.

சரி, ஏணி யாரோடதுங்கற கேள்விக்கு வருவோம். அதுக்குப் பதில் உங்க வீட்டுலயே இருக்கு. கோயிலுக்குப் புள்ளி வரி வாங்குறீகல்ல? கல்யாணம் ஆன ஒவ்வொரு புள்ளியும் குடுத்தாகணும். சிங்கப்பூர்ல இருந்தாலும் குடுக்கணும், பங்காளியோட பேச்சுவார்த்தை இல்லாட்டியும் குடுக்கணும். குடுக்காட்டி கணக்குல பேரு நிக்காது, பேரு நிக்காட்டி மகளுக்குக் கல்யாணம் பேசறப்ப தெரியும். காசியில உங்க நகரத்தார் சத்திரம் இருக்கு. இன்னைக்கும் அங்கேருந்து விசுவநாதருக்கு அன்னாடம் பூசைச் சாமான் போகுது. அத்தாம் தொலைவுல இருக்குற சாமிக்கு ஒரு நாள் தவறாம வில்வம் அனுப்பத் தெரிஞ்ச சனத்துக்கு, சொந்தப் பாட்டையா வீட்டுக்கு ஒரு ஓடு மாத்தத் தெரியலங்கறத நான் நம்பணுமாக்கும்? சாமி வீட்டுக்கு எல்லாரும் கடனாளி, பாட்டையா வீட்டுக்கு எல்லாரும் வாரிசு. அதான் வித்தியாசம்.

அதனால கூரைக்கு ஒரு புள்ளி வரி போடுங்க. 43 புள்ளி, வருசத்துக்கு ஒரு தொகை. ஆவணியில ஏணி ஏறணும், ஐப்பசிக்குள்ள எறங்கிறணும். குடுக்காத புள்ளிக்குப் படைப்புக்குப் பத்திரிகை கெடையாதுன்னு எழுதி வைங்க. முன்னோருக்குப் படைக்கிற நாளுல எலை போடாம விட்டா எப்பேர்ப்பட்ட அமெரிக்காக்காரரும் அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல பணம் அனுப்பிருவாரு. வீட்ட ஓட்டலுக்கு விட்டாலும் சரி, தறிக்கு விட்டாலும் சரி, விக்காதீக, வருசக் குத்தகைக்கு விடுங்க. படைப்பு நாளும் கல்யாண நாளும் வீடு நம்மதுன்னு பத்திரத்துல போட்டுக்கங்க. குத்தகைக் காசுல மொதல்ல கூரை, அப்புறம் வாய்க்கா, அப்புறந்தான் பங்கு. பங்கு மிஞ்சாதுங்கறீகளா? மிஞ்சாது. தேக்குல தூணு நிறுத்துனவரு உங்களுக்கு டிவிடெண்டு வரட்டும்னா நிறுத்துனாரு?

இன்னொரு சின்ன யோசனை. கையெழுத்து வாங்க ஜூம்ல கூட்டம் போடாதீக. 43 பேரையும் ஐப்பசியில வரச் சொல்லுங்க, இந்த வீட்டுலயே படுக்கச் சொல்லுங்க. மொத ராத்திரி மழை ஒழுகறப்ப யாரு எந்திரிச்சு அண்டாவ நகத்தி வைக்கிறாரோ, அவருகிட்ட வீட்டுப் பொறுப்பக் குடுங்க. யாரு 'நாளைக்கு ஓட்டலுக்குப் போயிரலாம்'ங்கறாரோ, அவருகிட்ட கணக்குப் புஸ்தகத்தக் குடுங்க, கறாராப் பாப்பாரு. யாரு தூண எண்ணிப் பாத்துக்கிட்டே சுத்துறாரோ, அவர மட்டும் கண்ணு வச்சுக்கங்க. அவருகிட்ட லாரிக்காரரு நம்பரு இருக்கும்.

புத்திமதிக்குக் காசு வேண்டாம் தம்பி, அது இலவசம். ஆனா சுண்ணாம்பு இலவசம் இல்ல. இன்னைக்கே ரெண்டு தொட்டி ஊறப் போட்டாத்தான் நீங்க கையெழுத்து வாங்கி முடிக்கறப்ப பூச்சுக்குச் சரியா இருக்கும். தாமசமாகுமேன்னு கவலைப்படாதீக. சுண்ணாம்பு ஊற ஊறத்தான் பலம். அட்வான்ஸ மட்டும் அப்படி ஊறப் போட்டுறாதீக.